உறைதலும் ஓடுதலும்: குருதி காக்கும் உயிர்ச்சத்து ‘கே’

உறை என்பது பல பொருள் தரும் ஒரு சொல். வாளுக்கு உறை உண்டு; கிணற்றுக்கும் உறை உண்டு. காய்ச்சி ஆற்றிய பாலில் இடும் சிறிதளவு மோரையும் உறை என்றே நம் இல்லத்துப் பெண்கள் வழங்குவர். வினையாக வரும்பொழுது அது தங்குதலையும் குறிக்கும், இறுகுதலையும் குறிக்கும். பால் உறையாவிடின் மறுநாள் தயிர் இல்லை, குறை அவ்வளவே. குருதி உறையாவிடின் ஒரு சிறு காயமே உயிரைக் கொண்டுபோகும். உறையக்கூடாத இடத்தில் குருதி உறைந்துவிடினும் அதே கேடு நேரும். ஓட வேண்டிய இடத்தில் ஓடவும் உறைய வேண்டிய இடத்தில் உறையவும் குருதியைப் பழக்கிவைக்கும் பொருள்களுள் ஒன்றே உயிர்ச்சத்து ‘கே’. அதனைப் பற்றித் தமிழ் கற்பிக்கும் யாம் எழுத நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் தங்கை மகளுக்கு ஆண் மகவு பிறந்தது. பிறந்து ஒரு மணி நேரம் கடந்திருக்கும். செவிலி ஒருவர் சிறு ஊசியுடன் வந்து குழந்தையின் தொடையில் மருந்தைச் செலுத்த முற்பட்டார். அருகிலிருந்த எங்கள் நன்னிமா, “பிறந்த பிள்ளைக்கு என்ன நோய் வந்துச்சுன்னு ஊசி? நாங்க எல்லாம் ஊசி போட்டா வளர்ந்தோம்?” என்று தடுத்தார். பின்னர் எம்மை நோக்கி, “நீ படிச்சவன் தானே, சொல்லு” என்றார். ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்ற எம்மிடம் அக்கேள்விக்கு விடை இல்லை. செவிலியே பொறுமையுடன் இரண்டொரு சொற்களில் விளக்கி, ஊசியைப் போட்டுச் சென்றார். அன்று வாய் மூடி நின்ற நாணமே பின்னர் மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் நூல்களைப் புரட்டியும் அறிந்துகொள்ளத் தூண்டியது. அறிந்தவற்றை நம் மாணவர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் வந்த வரலாறு

உயிர்ச்சத்துகளுக்கு ஏ, பி, சி, டி, ஈ என வரிசையாகப் பெயரிட்டவர்கள் இடையிலுள்ள எழுத்துகளைத் தாண்டிக் ‘கே’ என்னும் எழுத்துக்கு வந்தது ஏன் என மாணவர் வினவலாம். அதற்கு விடை டென்மார்க் நாட்டில் உள்ளது.

1929ஆம் ஆண்டளவில் கோபன்ஹேகன் நகரில் ஹென்ரிக் டாம் என்னும் அறிஞர் கோழிக்குஞ்சுகளை வைத்து ஓர் ஆய்வு நிகழ்த்தினார். கொலஸ்டிரால் என்னும் பொருளைக் குஞ்சுகள் தம் உடலிலேயே உண்டாக்கிக்கொள்ளுமா என்பதே அவர் அறிய விரும்பியது. அதற்காகக் கொழுப்பு முழுவதையும் நீக்கிய தீனியை அவற்றிற்கு இட்டார். சில வாரங்களில் குஞ்சுகளின் தோலுக்கடியிலும் தசைகளிலும் குருதி கசிந்தது. எடுத்துப் பார்த்த குருதி உறையக் காலம் தாழ்த்தது. எலுமிச்சைச் சாற்றிலுள்ள ‘சி’ சத்தைக் கொடுத்தும் பயனில்லை. அறிந்த உயிர்ச்சத்துகள் எவையும் அந்நோயைத் தீர்க்கவில்லை. பச்சிலைகளிலும் ஈரலிலும் உள்ள ஏதோ ஒன்றே தீர்த்தது. கொழுப்பை நீக்கியபொழுது அதனுடன் சேர்ந்து அகன்ற புதிய சத்து அது என 1935இல் அவர் அறிவித்தார். உறைதலைக் குறிக்கும் ‘கோயாகுலேஷன்’ என்னும் சொல்லை டேனிய மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் ‘கே’ எழுத்தில் தொடங்கி எழுதுவர். அம்முதலெழுத்தே சத்தின் பெயராயிற்று. தமிழில் பெயரிட்டிருந்தால் ‘உறைசத்து’ என்று வைத்திருப்போம், பொருளும் அதுவே.

அமெரிக்க நாட்டின் செயின்ட் லூயி நகரப் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு டாய்சி என்பார் 1939இல் இச்சத்தைத் தனியே பிரித்தெடுத்தார். கால்நடைத் தீவனமாகிய குதிரைமசாலிலிருந்து ஒன்றும், அழுகிய மீன் தூளிலிருந்து மற்றொன்றும் கிடைத்தன. முன்னது கே1, பசுந்தழைகளில் மிகுதி. பின்னது கே2, நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. இவ்விருவருக்கும் 1943ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

பதனிடும் தொழிலும் குருதிப் புரதமும்

இச்சத்து உடலில் செய்யும் பணியைப் பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு விளக்குதல் எளிது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் தொழிலை அறியாத குடும்பம் அரிது. பச்சைத் தோலை அப்படியே வைத்தால் அது செருப்புக்கும் ஆகாது, பைக்கும் ஆகாது. சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கிக் கழுவிப் பின்னர்ப் பதனிட வேண்டும். குரோம் முறையில் பதனிடும்பொழுது நிகழ்வதை வேதியியலார் நுணுகி விளக்குவர். தோலில் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தில் குளுட்டாமிக் அமிலம் போன்றவற்றின் கார்பாக்சில் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. குரோமியம் அம்முனைகளைப் பற்றிக்கொள்கிறது. அப்பிணைப்பே தோலுக்கு உறுதி தருகிறது.

நம் கல்லீரலும் ஒரு வகையில் பதனிடும் தொழிற்கூடமே. குருதி உறைவதற்குரிய புரதங்கள் பலவற்றை அது உண்டாக்குகிறது. அவற்றுள் 2, 7, 9, 10 என எண்ணிட்டு வழங்கப்படும் நான்கும் முதலில் பச்சைத் தோலைப் போலப் பயன்படா நிலையில் இருக்கின்றன. அவற்றிலுள்ள குறிப்பிட்ட குளுட்டாமிக் அமிலங்களுக்கு மேலும் ஒரு கார்பாக்சில் முனை ஒட்டப்பட வேண்டும். அவ்வாறு ஒட்டிய பின்னரே இரு விரலால் பற்றுவதைப் போலச் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தை அவை பற்றிக்கொள்ளும். கால்சியத்தின் துணையால் காயம்பட்ட இடத்தில் சென்று படியும். அம்முனையை ஒட்டும் நொதிக்கு உற்ற துணை உயிர்ச்சத்து ‘கே’. இப்புதுவகை அமிலத்தை 1974இல் சுவீடன் நாட்டு ஜோஹன் ஸ்டென்ஃப்ளோ முதலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். டாம் காலத்தில் ‘ஏதோ ஒன்று’ எனப்பட்ட பொருளின் தொழில் இன்னதெனத் துலங்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

இங்கே மற்றொரு நுட்பமும் உண்டு. உறைதலைத் தூண்டும் புரதங்களை மட்டுமன்றி, உறைதல் அளவு கடவாமல் தடுக்கும் சி, எஸ் என்னும் புரதங்களையும் இதே சத்தே பதப்படுத்துகிறது. தேரை ஓட்டுவதும் முட்டுக்கட்டை இடுவதும் ஒரே பாகனின் வேலையாக அமைந்திருத்தல் வியப்புக்குரியது.

உடலில் இச்சத்தின் இருப்பு மிகக் குறைவு. ஆதலின் ஒருமுறை பயன்பட்டதை வீணாக்காமல் மீண்டும் புதுப்பித்துப் பயன்கொள்ளும் சுழற்சி ஒன்றை இயற்கை அமைத்துள்ளது. அப்புதுப்பிக்கும் நொதிக்குரிய மரபணுவை 2004ஆம் ஆண்டில் இரு ஆய்வுக் குழுவினர் தனித்தனியே கண்டறிந்தனர். இச்சுழற்சியை நினைவிற் கொள்க. பின்னர் மருந்தின் கதையில் இது மீண்டும் வரும்.

பிறந்த மகவும் ஓர் ஊசியும்

நன்னிமாவின் கேள்விக்கு இப்பொழுது வருவோம். நோயில்லாக் குழந்தைக்கு ஊசி எதற்கு?

தாயின் குருதியிலிருந்து நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் பல சத்துகள் தாராளமாகச் செல்கின்றன. ‘கே’ சத்து மட்டும் மிகச் சிறிதே செல்கிறது. பிறந்த குழந்தையின் குடலில் அச்சத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் இன்னும் குடியேறவில்லை. தாய்ப்பாலிலும் அதன் அளவு குறைவு. இதனால் தாய்ப்பாலைக் குறைத்து மதித்தல் கூடாது. அதற்கு ஈடான உணவு குழந்தைக்கு வேறில்லை. இந்த ஒரு சத்தை மட்டும் ஒருமுறை வெளியிலிருந்து கொடுத்துவிடின் போதும்.

பாஸ்டன் நகர மருத்துவர் சார்லஸ் டவுன்செண்டு, புதிதாய்ப் பிறந்த மகவுகளுக்கு உண்டாகும் குருதிக்கசிவு நோயை 1894இலேயே ஐம்பது குழந்தைகளை ஆராய்ந்து விவரித்தார். காரணம் அப்பொழுது விளங்கவில்லை. இந்நோய் மூன்று காலங்களில் தோன்றும் என்பர். முதலாவது, பிறந்த ஒரு நாளுக்குள் வருவது. தாய் வலிப்பு நோய்க்கோ காசநோய்க்கோ சில மருந்துகளை உட்கொண்டிருந்தால் இவ்வகை நேரக்கூடும். இரண்டாவது, முதல் வாரத்திற்குள் வருவது. கொப்பூழிலிருந்தும் மூக்கிலிருந்தும் குருதி கசியும். மலம் கருத்துப் போகும். பிறந்த ஏழாம் நாளையொட்டிச் சுன்னத் செய்யும் வழக்கமுள்ள நாடுகளில் அக்காயத்தில் குருதி நில்லாமையே இந்நோயின் முதல் அடையாளமாக வெளிப்பட்டதும் உண்டு. மூன்றாவது வகையே கொடியது. இரண்டு வாரம் முதல் ஆறு மாதம் வரை, பெரும்பாலும் மூன்று மாதத்திற்குள், தாய்ப்பால் குடித்து நன்றாக வளர்ந்துவரும் குழந்தைக்கு முன்னறிவிப்பின்றி வரும். பல நேரங்களில் கசிவு மூளைக்குள்ளேயே நிகழும். பால் குடிக்க மறுத்தல், இடைவிடா வாந்தி, வெளிறிப் போதல், உச்சிக்குழி புடைத்தல், வலிப்பு ஆகியன அறிகுறிகள். நம் ஊர்களில் இவற்றை மாந்தம் என்றும் கண்ணேறு என்றும் கருதி மந்திரிப்பதிலும் கைமருந்திலும் பொன்னான மணித்துளிகளைக் கழித்துவிடுதல் உண்டு. உயிர் பிழைத்த குழந்தைகளுள்ளும் சிலர் வாழ்நாள் முழுதும் ஊனத்துடன் வாழ நேரிடும்.

இத்தனை பெரிய துன்பத்தைத் தடுப்பது ஒரு மில்லிகிராம் மருந்து. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1961இல் பிறந்த குழந்தைகள் அனைவர்க்கும் இதனைப் பரிந்துரைத்தது. இந்திய அரசின் நலவாழ்வுத் துறை 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மருத்துவ நிலையங்களில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இவ்வூசி போடப்பட வேண்டும். 1000 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள குழந்தைக்கு 1 மில்லிகிராம். அதற்குக் குறைந்த எடைக்கு அரை மில்லிகிராம்.

இவ்வரலாற்றில் தவறுகளும் ஐயங்களும் இல்லாமல் இல்லை. அவற்றை மறைத்தல் அறமன்று. தொடக்கத்தில் நீரில் கரையும் கே3 என்னும் செயற்கை வகையை மிகுந்த அளவில் கொடுத்தமையால் சில குழந்தைகளின் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை உண்டாயிற்று. அதன் பின்னரே கே1 வகையும் சிறிய அளவும் நிலைபெற்றன. 1992இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்து வெளியான ஆய்வொன்று, இவ்வூசிக்கும் குழந்தைப் பருவப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என ஐயுற்றது. பெற்றோர் பலர் அஞ்சினர். பின்னர்ப் பல நாடுகளில் மிகுதியான குழந்தைகளை உட்படுத்தி நிகழ்ந்த ஆய்வுகள் அத்தொடர்பை மெய்ப்பிக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் ஊசியைத் தவிர்த்து வாய்வழிச் சொட்டு மருந்துக்கு மாறிய இடங்களில், பிந்திவரும் மூளைக் கசிவு சில குழந்தைகளிடம் மீண்டும் தலைகாட்டியது. ஐயுறுதல் அறிவியலின் இயல்பு. ஐயத்தை ஆராய்ந்து தெளிதலும் அதன் இயல்பே. தெளிந்த பின்னரும் பழைய ஐயத்தையே பற்றிக்கொண்டிருத்தல் நம் பிழை.

பசுக்கள் கற்பித்த பாடம்

‘கே’ சத்தின் கதையில் மறுபாதி, அதற்குப் பகையாகிய பொருளின் கதை. 1920களில் வட அமெரிக்கச் சமவெளியில் மாடுகள் காரணமின்றிக் குருதி கசிந்து இறந்தன. கொம்பு நீக்கிய சிறு காயமே மாட்டைக் கொன்றது. கெட்டுப்போன இனிப்பு மணப்புல்லைத் தின்ற மாடுகளே இவ்வாறு இறந்தன எனக் கனடாவின் கால்நடை மருத்துவர் பிராங்க் ஸ்கோஃபீல்டு கண்டார்.

1933ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில், கடும் பனிப்புயலுக்கிடையே விஸ்கான்சின் மாநிலத்து உழவர் ஒருவர் இறந்த பசுவையும் உறையாத குருதி நிறைந்த பால்கலத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழக வாயிலுக்கு வந்தார். அங்கிருந்த உயிர்வேதியியல் அறிஞர் கார்ல் பால் லிங்க்கிடம் அன்று அவருக்குத் தருவதற்கு மருந்து இல்லை. எனினும் அந்தக் குருதியை ஆராயத் தொடங்கினார். புல்லில் நறுமணம் தரும் கூமரின் என்னும் பொருளைப் பூஞ்சணம் டைகூமரால் என்னும் நஞ்சாக மாற்றுகிறது என்பதை ஆறாண்டு உழைப்பிற்குப் பின் அவர்தம் குழுவினர் வெளிப்படுத்தினர். ‘கே’ சத்தைப் புதுப்பிக்கும் சுழற்சி என முன்னர்க் கூறினோம் அல்லவா? அச்சுழற்சியை நிறுத்துவதே இந்நஞ்சின் வேலை.

அதனை மாற்றியமைத்து உருவாக்கிய பொருள் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. பொருளுதவி செய்த விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆய்வு அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகளுடன் கூமரினின் கடைசிப் பகுதியைச் சேர்த்து ‘வார்ஃபரின்’ எனப் பெயரிட்டனர். எலியைக் கொன்ற பொருளே, அளந்து கொடுத்தால் மனிதரின் நாளங்களில் குருதி கட்டுவதைத் தடுக்கும் எனத் தெளிந்து 1954இல் மருந்தாக ஒப்பளிக்கப்பட்டது. மறு ஆண்டு மாரடைப்புற்ற அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கும் அது கொடுக்கப்பட்டது. அளவு மிகுந்து கசிவு நேரின் மாற்று மருந்து எது? உயிர்ச்சத்து ‘கே’ தான்.

காட்பாடிச் சந்திப்பும் வேலூர் மருத்துவமும்

காட்பாடித் தொடர்வண்டிச் சந்திப்பில் காலை வேளையில் நிற்பவர் வங்கமொழியும் அசாமியமும் இந்தியும் கலந்து ஒலிப்பதைக் கேட்பர். கையில் எக்ஸ்ரே உறைகளுடன் இறங்கும் அம்மக்கள் பெரும்பாலும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடி வருபவர்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணியே அவ்வாறு வளர்ந்தது.

நம் பொருளுக்கு அண்மையான ஆய்வுகள் அங்கே நிகழ்ந்துள்ளன. 1960 முதல் 1962 வரை பழைய வடஆர்க்காடு மாவட்டத்துச் சிற்றூர்களில் ‘ஸ்புரூ’ என்னும் குடல் நோய் கொள்ளைநோயாகப் பரவியது. நீங்காத வயிற்றுப்போக்கும் மெலிவும் மக்களை வாட்டின. செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் ஆகியோர் ஊர்தோறும் சென்று அதனை ஆராய்ந்தனர். இத்தகைய நோயில் குடல் கொழுப்பை ஈர்த்துக்கொள்வதில்லை. கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே ஆகிய சத்துகளும் அதனுடன் வீணாகும். டென்மார்க்குக் கோழிக்குஞ்சுக்குத் தீனியில் நிகழ்ந்த குறை, இத்தகைய நோயாளிக்குக் குடலில் நிகழ்கிறது எனலாம். பித்தநீர் அடைபட்ட காமாலையிலும் இதுவே நேரும். அத்தகையோர்க்கு அறுவைக்கு முன்னர் ‘கே’ ஊசி போடுவதன் காரணம் இது. மனிதச் சிறுகுடலில் வாழும் நுண்ணுயிர்கள் பி12 என்னும் உயிர்ச்சத்தை உண்டாக்கவல்லன என்பதை வேலூர் ஆய்வாளர்கள் 1980இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். உயிர்ச்சத்து உணவிலிருந்து மட்டுமே வருவதன்று. நம்முள் குடியிருக்கும் நுண்ணுயிர்களும் அதற்கு உரியன என்னும் கருத்துக்கு அது வலிமை சேர்த்தது. கே2 சத்தும் அவ்வாறு குடலில் உண்டாவதே. எனவேதான் உணவு செல்லாத நிலையில் நீண்ட நாள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பெறுபவர்க்கு இச்சத்துக் குறைய வாய்ப்புண்டு.

கீரையை விலக்க வேண்டுமா?

நம் நாட்டு ஏழைகளின் இதயத்தைத் தாக்கும் நோய்களுள் வாதக் காய்ச்சலால் வருவது முதன்மையானது. சிறு வயதில் தொண்டைப் புண்ணாகத் தொடங்கி, பின்னர் இதயத்தின் தடுக்கிதழ்களைச் சுருக்கிவிடும். மருத்துவர் பழுதான இதழை நீக்கி உலோக இதழைப் பொருத்துவர். அயல்நாட்டு இதழின் விலை எட்டாதோர்க்காகத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாக்கிய இந்திய இதழ் 1990 திசம்பரில் முதன்முதல் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோகத்தைக் கண்டால் குருதி கட்டத் தொடங்கும். ஆகவே இதழ் பெற்றவர் வாழ்நாள் முழுவதும் வார்ஃபரினோ, அதன் இனமாகிய அசெனோகூமராலோ உட்கொள்ள வேண்டும்.

எம் சின்னம்மா அத்தகையவர். மருந்து தொடங்கிய நாளில், “கீரையில் ஜாக்கிரதையாக இருங்கள்” என்று கூறப்பட்டது. அச்சொல்லை அண்டை வீட்டார் “கீரையே கூடாது” என்று திருத்தி உரைத்தனர். சின்னம்மா ஈராண்டுகள் கீரையைத் தொடவில்லை. அதற்கேற்ற அளவில் மருந்தும் அமைந்துவிட்டது. பின்னர் மூட்டுவலிக்கு நல்லதென யாரோ கூற, நோன்பு மாதம் முடிந்த பின் நாள்தோறும் முருங்கைக்கீரைச் சாறு பருகினார். மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, ‘சலாம்’ சொல்ல வந்தவருக்கு நாக்குக் குழறியது, வலக்கை தளர்ந்தது. விரைந்து மருத்துவமனை சேர்ந்தமையால் பெரும்பகுதி மீண்டார். எழுத்துக் கூட்டி ஓதுவதில் இன்றும் சிறு தடுமாற்றம் உண்டு. மருந்தை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. மருந்தை வென்றது கீரை.

இதில் பிழை கீரையினதும் அன்று. ஈராண்டு விலக்கும் மூன்று வாரப் பெருக்கமுமே பிழை. முருங்கை, பசலை, அரைக்கீரை, கொத்துமல்லி ஆகிய பசுந்தழைகளில் கே1 மிகுதி. அமெரிக்க மருத்துவக் கழகம் 2001இல் வரையறுத்தபடி நாளொன்றுக்குப் போதுமான அளவு ஆணுக்கு 120, பெண்ணுக்கு 90 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. சிறிது எண்ணெயுடன் சமைத்த ஒரு கிண்ணக் கீரை இவ்வளவையும் எளிதில் தந்துவிடும். ஆகவே மருத்துவர் வேண்டுவது கீரையை விலக்குதல் அன்று; வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவாக உண்ணுதல். உணவில் மாற்றம் வேண்டின் முன்கூட்டியே கூறி, குருதிச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

அச்சோதனையின் பெயர் ஐ.என்.ஆர். ஒவ்வோர் ஆய்வகத்திலும் வெவ்வேறு விடை வந்த குழப்பத்தைத் தீர்க்க 1983இல் உலக நலவாழ்வு நிறுவனம் இப்பொது அளவுகோலை ஏற்றது. இயல்பான குருதியின் அளவு ஏறத்தாழ 1. மருந்து உண்போர் பலர்க்கு 2 முதல் 3 வரையும், சில வகை இதழ் பெற்றோர்க்குச் சற்று மிகுதியாகவும் இருக்க வேண்டும். தமக்குரிய எண் எது என்பதை ஒவ்வொரு நோயாளியும் தம் மருத்துவரிடம் கேட்டு மனத்தில் எழுதிக்கொள்ளுதல் நலம். எண் குறைந்தால் கட்டும், மிகுந்தால் கசியும். காசநோய்க்குரிய ரிஃபாம்பிசின் மருந்து இவ்வெண்ணைத் தாழ்த்தும், மெட்ரோனிடசோல் உயர்த்தும், வலி நீக்கும் மாத்திரைகள் கசிவைத் தூண்டும். ஆதலின் கடையில் தாமே மருந்து வாங்கி உண்ணுதல் இவர்க்குப் பெருந்தீங்கு. நோன்பு நோற்க விழைவோர் மருந்து உண்ணும் நேரம் மாறுவதை முன்னரே மருத்துவரிடம் கலந்துகொள்ள வேண்டும்.

ஒரே அளவு மருந்து ஒருவர்க்குப் போதாமலும் மற்றொருவர்க்கு மிகுந்தும் போவது ஏன்? மருந்தைச் சிதைக்கும் நொதியின் மரபணு ஆளுக்கு ஆள் வேறுபடும். தமிழ்நாட்டு மக்களிடையே இவ்வேறுபாட்டைப் புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டனர்.

சோதனை வேண்டாத புதிய மருந்துகள் வந்துவிட்டனவே, பழைய மருந்து எதற்கு எனச் சிலர் வினவுவர். உலோக இதழ் பெற்றோரிடம் அத்தகைய புதிய மருந்தொன்றை ஆராய்ந்தபொழுது குருதிக்கட்டிகள் மிகுந்தமையால் அவ்வாய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. வாதக் காய்ச்சலால் இதயம் கெட்டு, துடிப்பும் சீர்குலைந்தோரை ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் 24 நாடுகளில் ஆராய்ந்தனர். அவற்றுள் இந்தியாவும் ஒன்று. நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் பங்குபெற்ற ‘இன்விக்டஸ்’ என்னும் அவ்வாய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. புதிய மருந்தைவிடப் பழைய வார்ஃபரின் இனத்து மருந்து பெற்றோருள் இறப்புக் குறைவு என்பதே அம்முடிவு. செல்வ நாடுகளில் அருகிப்போன நோய்க்கு ஏழை நாடுகளில் ஆய்வு நடத்திய பின்னரே இவ்வுண்மை தெரிந்தது.

எலும்பும் நாளமும்

உறைதலோடு இச்சத்தின் பணி முடிவதில்லை. எலும்பிலுள்ள ஆஸ்டியோகால்சின் என்னும் புரதத்தையும், நாளச் சுவர்களில் சுண்ணாம்பு படியாமல் காக்கும் மற்றொரு புரதத்தையும் இதுவே பதப்படுத்துகிறது. அப்பின்னைய புரதம் இல்லாமற் பிறக்கச்செய்த சுண்டெலிகள் நாளங்கள் சுண்ணாம்பேறி இரு மாதங்களுக்குள் இறந்ததை 1997இல் கண்டனர். ஜப்பானில் எலும்பு மெலிவுக்கு கே2 வகையொன்று 1995 முதல் மருந்தாக வழங்கப்பட்டு வருகிறது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகர மக்களை நெடுநாள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, கே2 மிகுதியாக உண்டோரிடம் இதய நோய் குறைந்து காணப்பட்டதென 2004இல் கூறியது. எனினும் உண்டோரிடம் நோய் குறைந்தது என்பது வேறு. உண்டமையால் குறைந்தது என்பது வேறு. மாத்திரையாகக் கொடுத்துச் சோதித்த ஆய்வுகள் இதுவரை ஒருமித்த விடை தரவில்லை. ஆகவே எலும்புக்கும் இதயத்துக்கும் எனக் கவர்ச்சியாக விற்கப்படும் மாத்திரைகளை வாங்கி விழுங்குதல் வேண்டா. வார்ஃபரின் உண்போர் அவற்றைத் தொடவே கூடாது. நலமுடையோர்க்கு நம் கொல்லைக் கீரையே போதும்.

முடிவுரை

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்து. மருத்துவம் என்பதை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்வார் என நால்வகைப்படுத்தி அது நிறைவுறுகிறது. முதல் மூன்றையும் பற்றி நாம் மிகுதியாகப் பேசுகிறோம். நான்காமவர் நாமே. பிறந்த குழந்தையின் அருகே நிற்கும் பாட்டியும் மாமனும், மருந்துண்ணும் தாய்க்குச் சமைத்துப் போடும் மகளும் மருமகளும் அந்த நான்காவது கூறு. சின்னம்மாவின் மருந்துச்சீட்டும் சோதனை அட்டையும் எம் இல்லத்து அலமாரியில்தான் இருந்தன. அவற்றைப் படித்துப் பொருள் சொல்ல வல்ல கல்வி எமக்கு இருந்தது, படிக்கவில்லை. அப்பிழை எம்முடையது.

ஆகவே மாணவச் செல்வங்களுக்கு எம் வேண்டுகோள் இதுவே. உம் இல்லத்தில் மகவு பிறக்கும் நாளில், ‘கே’ ஊசி போட்டாயிற்றா என ஒருமுறை கேளுங்கள். உம் தெருவில் இதய மருந்து உண்பவர் இருப்பின் அவர்தம் சோதனை அட்டையை வாங்கி, எண்ணைப் படித்து, அடுத்த நாளைக் குறித்துக் கொடுங்கள்.

நன்னிமா இப்பொழுது நம்மிடை இல்லை. எம் தங்கை மகளின் மகன் பள்ளிக்குச் செல்கிறான். சென்ற மாதம் விளையாட்டில் முழங்கால் சிராய்த்து வந்தான். கழுவித் துடைத்துச் சற்றுப் பொறுத்துப் பார்த்தோம். குருதி உறைந்திருந்தது.